உயிரோடு லியாவ், செத்தால் ஜாங்

மெய்கெங் கிராமம்
25 செப்டம்பர் 1991

அன்பு மகள் வான்லிங்குக்கு, உன் சித்தப்பா எழுதுவது.

நிமிர்ந்து உட்கார். கையில் தேநீர் இருந்தால் கீழே வை. இப்போது நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் தொழிற்சாலையில் உன்னோடு காளான் டப்பா சோதிக்கிற ஒருத்தரும் நம்பமாட்டார்கள். எழுதுகிற எனக்கே நம்பிக்கை இல்லை. முன்னோர் மண்டபத்தின் எட்டுத் தூண்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், மண்ணில் மனிதன் வாய் திறந்த நாள் முதல் இப்படி ஒரு கதை வந்ததில்லை.

முதலில் நடப்பு. ஜாங் கெவெய் என்பவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக நீ அப்பாவுக்கு எழுதிய கடிதம் நிலாப் பண்டிகையன்று வந்து சேர்ந்தது. அண்ணன் அப்போது பம்ப்ளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சில் எதிர்மலையில் மேய்ந்த இரண்டு எருமைகள் கால் மடங்கிப் படுத்துவிட்டன. கத்தவில்லை, திட்டவில்லை. ஒன்றுதான் சொன்னார்: "ஜாங் வீட்டுக்குப் போறவ என் வீட்டுக் கதவு வழியாப் போகமாட்டா. போனா அந்த வழியா திரும்பியும் வரமாட்டா."

உன் கெவெய்க்கு இது புரியாமல் இருக்கும். அவனுக்குச் சொல்லு. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மலைக்கு ஜாங் வீட்டுப் பையன் ஒருத்தன் பிழைக்க வந்தான். லியாவ் என்ற பெரியவருக்கு ஒரே பெண். அவளைக் கட்டிக்கொண்டு வீட்டோடு இருந்தான். மாமனாருக்குப் பெயர் சொல்லப் பிள்ளை இல்லை என்பதால் வாக்குக் கொடுத்தான்: என் சந்ததி உயிரோடு இருக்கும்வரை லியாவ், செத்தால் ஜாங். அன்றிலிருந்து நாம் பள்ளிக்கூடத்திலும் ரேஷன் அட்டையிலும் லியாவ். கல்லறைக் கல்லில் மட்டும் ஜாங். ஆகவே உலகத்தில் உள்ள லியாவ் எல்லாம் நமக்குப் பங்காளி, ஜாங் எல்லாமும் பங்காளி. மற்றவர்கள் தங்கள் குடும்பப்பெயர் ஒன்றில் மட்டும் பெண் எடுக்கக் கூடாது. நமக்கு இரண்டு பெயரில் கூடாது. உன் கெவெய் முறைப்படி உனக்கு அண்ணன்.

இப்போது கதைக்கு வருகிறேன். நம் வம்சப் புத்தகத்தைப் புதிதாக எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது உனக்குத் தெரியும். இந்தத் தடவை பெண்பிள்ளைகள் பெயரும் அவர்களின் கணவர் பெயரும் ஏறும் என்று முடிவாகியிருக்கிறது. நான் இப்போது 'நம் பெயர் கொண்ட புகழ்பெற்றோர்' அத்தியாயத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு கிளையும் ஒரு பெரிய மனிதரைக் கேட்கிறது. கீழ்த்தெருக் கிளைக்கு எங்கே போவது? அவர்கள் கொள்ளுத்தாத்தா மாவட்ட அதிகாரிக்குச் சவரம் செய்தவர். நான் எழுதினேன்: 'முப்பது ஆண்டுகள் உருவிய கத்தியுடன் அதிகாரியின் கழுத்தருகே நின்றும் விசுவாசம் தவறாத மாவீரர்.' அதில் ஒரு சொல் பொய் உண்டா, சொல்.

அந்தத் திறமையை உனக்காக இறக்கிவிட்டேன். நேற்று மண்டபத்தில் தாவ்ஷெங் பெரியவர் முன்னால், உன் அப்பாவும் உட்கார்ந்திருக்க, எழுந்து சொன்னேன்: அந்தப் பையன் ஜாங்கே இல்லை. அவன் கொள்ளுத்தாத்தா ஹோங். பதினெட்டுப் பேர் வலிக்கும் படகை ஒற்றை ஆளாக வலித்தவர். கடற்கொள்ளைக்காரர்களை ஒரு துடுப்பால் விரட்டினார். அவர்கள் தலைவன் ஹோங் என்ற பெயரையே உலகத்தில் விடமாட்டேன் என்று சபதம் போட்டான். அதனால் ஷாவெய் கிராமத்து ஜாங் வீட்டு உப்புக் கொட்டகையில் ஒளிந்து, அந்தப் பெயரைப் போர்த்திக்கொண்டு, அப்படியே இருந்துவிட்டார். ஹோங் பையனுக்கு லியாவ் பெண்ணைக் கொடுக்க என்ன தடை?

எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை. உன் கடிதம் வந்த பிறகு முதல் தடவையாக முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவருக்கு இது உண்மையாக இருக்கவேண்டும் என்று ஆசை, மகளே. மீன் தூண்டிலைப் பார்த்துவிட்டது. நீ செய்யவேண்டியது ஒன்றுதான்: வாயைத் திறக்காதே.

பத்தாம் மாதத்தில் உன்னை அந்தக் கதவு வழியாகவே அனுப்பி வைக்கப்போகும் சித்தப்பா,
லியாவ் பிங்குன்
(வம்சப் புத்தகத்தின் எழுத்தர். 'பொய்களின் பேரரசர்' என்று உன் சித்தி சேர்க்கச் சொல்கிறாள்.)


ஷியாமென்
3 அக்டோபர் 1991

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கங்களைச் சோதனைக்கூட இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன். கெவெயிடம் காட்டவில்லை.

சித்தப்பா, எனக்கு வேண்டியது பெரிய விஷயம் இல்லை. அம்மா இருந்திருந்தால் என் தலையைச் சீவிவிட்டு அனுப்பியிருப்பாள். அவள் இல்லை. அப்பாவாவது வாசலில் நிற்கவேண்டும். பதிவு அலுவலகத்தில் லியாவுக்கும் ஜாங்குக்கும் தடை இல்லை, இரண்டு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. எனக்கு அது போதாது. அந்தக் கதவு வழியாகப் போகவேண்டும், புது வருஷத்து இரண்டாம் நாள் எல்லாப் பெண்களும் பிறந்த வீடு வரும்போது அதே கதவு வழியாக அவனோடு திரும்ப வரவேண்டும். அப்பா ஒன்றைச் சொல்லிவிட்டால் மாற்றமாட்டார். அதனால்தான் உங்கள் கதையை வேண்டாம் என்று சொல்லக் கை வரவில்லை.

கெவெய் கொதிகலன் பழுது பார்ப்பவன். அவனுக்குக் கசிவு பிடிக்காது. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்காமல் சாப்பிடமாட்டான். அவன் தாத்தாவின் அப்பாவைப் பற்றி நான் பொதுவாக விசாரித்தபோது, "அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது, உப்பளத்துல வேலை செஞ்சவரு" என்றான். நான் பேச்சை மாற்றினேன். அவனிடம் நான் பேச்சை மாற்றியது இதுவே முதல் தடவை.

அப்பா சரியாகச் சாப்பிடுகிறாரா என்று எழுதுங்கள். எருமைகள் வேண்டாம். அப்பாவைப் பற்றி மட்டும்.

வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு நாள் முடியும் என்று தெரியாது.

அன்புடன்,
வான்லிங்


மெய்கெங்
10 அக்டோபர் 1991

அன்பு மகள் வான்லிங்குக்கு,

உன் அப்பா சாப்பிடுகிறார். ஒரு கிண்ணக் கஞ்சி, ஊறுகாய்ப் பிளம் இரண்டு. எருமை இல்லை, பார்.

ஒரு சின்னச் சிக்கல். சின்னதுதான். நம் மண்டபத்தின் கூரை அளவு.

நேற்று தாவ்ஷெங் பெரியவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எண்பத்திரண்டு வயது. பழைய புத்தகம் எரிந்த வருஷத்தில் பதினொரு தலைமுறைப் பெயரை மனப்பாடமாக வைத்திருந்து காப்பாற்றியவர். அவருக்குக் காது கேட்காது என்று நான் பல வருஷமாக நம்பி வந்தேன். கேட்கவேண்டியது நன்றாகக் கேட்கிறது. "பிங்குன், நீ சவரக்காரனை மாவீரனாக்கினே. பரவால்ல, அதனால யாருக்கும் கல்யாணம் ஆகல. இது ஒரு பொண்ணு சமாசாரம். அவன் ஹோங்னு எப்படித் தெரியும்? எங்க பாக்கறது?" என்றார்.

வான்லிங், என் வாழ்க்கையில் நான் பதினாயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். ஒன்றிலும் மூச்சு முட்டியதில்லை. யோசிக்காமல் வந்துவிட்டது: "வேற எங்க, கல்லறைக் கல்லுலதான். உசுரோட இருக்கும்போது எந்தப் பேருல வேணா இருக்கலாம், புதைக்கும்போது நெஜப்பேரைத்தானே வெட்டுவாங்க?"

கேட்டதும் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஆமாம், கல்லில்தான் இருக்கும், பின்னே எங்கே. பெரியவரும் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து பாதிக் கஞ்சி குடிக்கும்போதுதான் கை நின்றது. உன் சித்தி வெளியூர்க்காரி அல்லவா, அவள்தான் சொன்னாள்: "லியாவா இருந்து ஜாங்கா சாகறது உங்க ஒருத்தர் ஊருலதான். மத்த ஊருல எவனும் ஒரு பேருல வாழ்ந்து இன்னொரு பேருல சாகமாட்டான். ஷாவெய்ல ஜாங்குன்னு வாழ்ந்தவன் கல்லுல ஜாங்குன்னுதான் இருக்கும்."

இந்த மலையில் பிறந்த ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வருகிற இருபத்தைந்தாம் தேதி உன் அப்பாவே ஷாவெய்க்குப் போய்க் கல்லைப் பார்த்து வரவேண்டும். ஹோங் என்று இருந்தால் கல்யாணத்துக்கு மண்டபத்திலிருந்து மேளம். ஜாங் என்று இருந்தால் புத்தகத்தில் உன் பெயருக்குப் பக்கத்தில் வெற்றிடம்.

பயப்படாதே. யோசனை இருக்கிறது. உன் கெவெய் வீட்டில் யாரையாவது பிடித்து, கல்லறையைப் புதுப்பிக்கிறோம் என்று கல்லின் மேல் ஒரு பூச்சுச் சுண்ணாம்பு அடிக்கச் சொல். அண்ணனுக்குக் கண்ணும் சரியில்லை. மழையில் அழிந்துபோன பெயர் என்று நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன். ஒரு வாளிச் சுண்ணாம்பு போதும்.

உடனே பதில் போடு.

சித்தப்பா,
பிங்குன்


ஷியாமென்
17 அக்டோபர் 1991

சித்தப்பாவுக்கு,

கெவெயிடம் சொல்லிவிட்டேன். சொல்லவேண்டி வந்தது. அவன் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையில் சுண்ணாம்பு அடிக்க வழி கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை மறைத்துக்கொண்டு அவனோடு ஒரே மேஜையில் என்னால் சாப்பிட முடியவில்லை.

உங்கள் இரண்டு கடிதத்தையும் கொடுத்தேன். கொதிகலன் அறை வாசலில் நின்றபடியே படித்தான். படகு வரும் இடத்தில் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். வேலை முடியும்வரை வெளியே வரவில்லை.

பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் அதில் எதையும் சேர்க்காமல் படிக்கவேண்டும்.

"உங்க அப்பா வேணாம்னு சொன்னது என்னை. அது பரவால்ல, நான் போய்ப் பேசலாம், திட்டு வாங்கலாம், வாசல்ல நிக்கலாம். இப்ப அவரு சரின்னு சொல்லப்போறது வேற எவனையோ. ஹோங்னு ஒருத்தன். அவன் கல்யாணத்துல எனக்கு என்ன வேலை?"

நான் உங்களுக்காகப் பேசினேன். சித்தப்பா அன்பில் செய்தது என்றேன். அவன் கேட்டான்: "அன்புதான். நீ எத்தனை நாளா அந்த அன்பை டிராயர்ல பூட்டி வச்சிருந்தே?"

தம்பதிகளுக்கான அறைக்குத் தொழிற்சாலையில் மனு கொடுத்திருந்தோம். மறுநாள் அலுவலகத்துக்குப் போய் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டான். கிழிக்கவில்லை, சட்டைப்பையில் வைத்திருக்கிறான். எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

இரண்டு கதவும் இப்போது எனக்கு மூடுகிறது. ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று அவனுடையது. ஒன்றைத் திறக்கப் போய் இன்னொன்றையும் மூடிவிட்டீர்கள். மூடும்போது நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருபத்தைந்தாம் தேதிக்கு முன்னால் நீங்கள் மண்டபத்தில் எழுந்து நின்று அது பொய் என்று சொல்லவேண்டும். அப்பா அந்தக் கல்லின் முன்னால் போய் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது. எழுத்தர் பதவி போகும் என்று தெரியும். நீங்கள் அந்தத் தூரிகையை எப்படிப் பிடிப்பீர்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் சொல்லாவிட்டால் நான் அப்பாவுக்குத் தந்தி கொடுப்பேன்.

வான்லிங்


மெய்கெங்
21 அக்டோபர் 1991

வான்லிங்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. அண்ணன் நேற்றே கிளம்பிவிட்டார்.

இருபத்தைந்துக்கு ஐந்து நாள் இருக்கிறதே என்று நானும் இருந்துவிட்டேன். பிளம் ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஒரு லாரி போகிறது என்று கேள்விப்பட்டு அதிலேயே ஏறிவிட்டார். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார், பொத்தான் கழுத்துவரை. உனக்கென்று ஒரு பை நிறைய உப்புப் பிளம் எடுத்துப் போயிருக்கிறார். சம்பந்தி வீட்டுக்கு என்று தேயிலை. தேயிலைப் பொட்டலத்தைச் சிவப்புக் காகிதத்தில் இரண்டு தடவை சுற்றினார். கல்லில் என்ன இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டு போகிற மனிதரின் பொட்டலம் அது.

தடுக்க வழி இல்லை. நாளைக்கு மண்டபத்தில் சொல்லிவிடுகிறேன்.

வேறு எழுத வரவில்லை.

சித்தப்பா


ஷியாமென்
26 அக்டோபர் 1991

சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஷாவெயிலிருந்து தொழிற்சாலைக்குத் தொலைபேசி வந்தது. மெய்கெங்கிலிருந்து ஒரு பெரியவர் வந்து கல்லறையைப் பார்க்கவேண்டும் என்கிறார், என்ன செய்வது என்று கெவெயின் அப்பா கேட்டார். கெவெய் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பேருந்து ஏறினான். நடந்தது அவன் வாயால் கேட்டதுதான்.

அப்பா கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து புல்லை ஒதுக்கியிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் படித்திருக்கிறார். ஜாங். பக்கத்துக் கல்லில் பார்த்தார். ஜாங். அதற்குப் பக்கத்திலும் போய்ப் பார்த்திருக்கிறார், சித்தப்பா. ஏழு கல்லையும் பார்த்திருக்கிறார். கெவெயால் அதைப் பொறுக்க முடியவில்லை. "மாமா, தேட வேண்டாம். எங்க வீட்டுல எல்லாரும் ஜாங்தான். ஹோங்ங்கறது கட்டின கதை" என்று சொல்லிவிட்டான்.

அப்பா எழுந்திருக்காமலே கேட்டாராம்: "வான்லிங்குக்குத் தெரியுமா?"

அவன் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்காக அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றான்.

பிறகு அவனே ஒன்று கேட்டிருக்கிறான். "உங்க ஊருக்கு மொதல்ல வந்தவரும் ஜாங்தானே மாமா? லியாவ் வீட்டுப் பொண்ணைக் கட்டத்தானே வந்தாரு? அன்னிக்குச் சரியா இருந்தது இன்னிக்கு ஏன் தப்பு?" மரியாதையாகத்தான் கேட்டேன் என்கிறான். அப்பா எழுந்தார். தேயிலைப் பொட்டலத்தைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் தொழிற்சாலை வாசலில் நின்றார். நான் வெள்ளை அங்கியோடு, கையுறைகூடக் கழற்றாமல் ஓடினேன். மெலிந்திருக்கிறார். நீங்கள் அதை எழுதவில்லை.

"தெரியுமா?" என்றார்.

"தெரியும்பா."

"ஜாங்கைக் கட்டிக்கறேன்னு நேரா எழுதினே. கோபம்தான் வந்துச்சு. இப்ப வேற மாதிரி இருக்கு. ஏழு கல்லு முன்னால மண்டி போட்டேன், வான்லிங். ஒண்ணுலயாவது இருக்கணும்னு வேண்டிக்கிட்டு."

பிளம் பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் பேருந்துக்குப் போனார். என் கையில் கொடுக்கவில்லை. நான் எட்டடி தூரத்தில்தான் நின்றேன்.

கெவெய் அன்று மாலை வந்து அறை மனுவை மேஜையில் வைத்தான். மறுபடி கொடுக்கலாமா என்று கேட்டான். கொடுத்துவிட்டோம். நவம்பர் பதினான்காம் தேதி பதிவு செய்கிறோம். யாரையும் கூப்பிடவில்லை.

உங்கள் மேல் கோபத்தில் எழுதவில்லை. ஆனால் இனிமேல் எனக்காக எதுவும் கட்டாதீர்கள். எழுதவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று என்னால் இனிப் பிரித்துப் பார்க்க முடியாது. நாளைக்கு நீங்கள் 'அப்பா உன்னை நினைத்து அழுதார்' என்று எழுதினால் அதையும் நான் நம்பமாட்டேன். அது இதைவிடக் கஷ்டம்.

வான்லிங்


மெய்கெங்
24 டிசம்பர் 1991

திருமணமாகிவிட்ட மகள் வான்லிங்குக்கு, எழுதாதே என்று நீ சொன்ன பிறகும் எழுதுகிற சித்தப்பா.

இரண்டு மாதம் எழுதவில்லை. இரண்டு மாதம் நான் பொய் சொல்லாமல் இருந்ததால் இந்த மலையில் நீரோடைகள் திசை தெரியாமல் மேலே ஏறத் தொடங்கிவிட்டன. கோழிகள் சதுர முட்டை இட்டன. இன்று எழுதாவிட்டால் மாவட்டமே அழிந்துவிடும்.

சொன்னபடி அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி மண்டபத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஹோங் இல்லை, படகு இல்லை, துடுப்பு இல்லை என்றேன். கேட்டதும் தூண்களில் உள்ள நாகங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. தண்டனை, ஏழு ஊதுவத்தி எரிந்து தீரும்வரை மண்டியிடுவது. ஒவ்வொன்றும் மூங்கில் உயரம். தூரிகையைப் பெரியவர் தன் கையாலேயே வாங்கிப் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்தார். அந்த ஆள் எழுதினால் நண்டு ஊர்ந்த மணல் மாதிரி இருக்கும். புகழ்பெற்றோர் அத்தியாயம் மொத்தமும் போயிற்று. மாவீரர் மறுபடி சவரக்காரர் ஆனார். கீழ்த்தெருக்காரர்கள் என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போகிறார்கள். என் தலைமுடி இப்போது தோள்வரை தொங்குகிறது, வெட்ட ஆள் இல்லை.

அண்ணன் ஷாவெயிலிருந்து வந்த பிறகு என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எதிர் எதிர் வீட்டில் இருந்துகொண்டு இரண்டு மாதம்.

நேற்று முன்தினம் குளிர்காலப் படையல். மண்டபத்தில் நூற்றிருபது பேர். மூன்று முழுப் பன்றி, இருபதாயிரம் வெடி. புத்தகத்தை மூடி முத்திரை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வீடாகப் படிக்கிறார்கள். நான் பின்னால் வாசல்படி ஓரத்தில் நின்றேன். பெரியவர் படித்தார்: "பிங்ஹே. ஒரு மகள், வான்லிங்." ஆசிரியர் தூரிகையைத் தூக்கினார். பெரியவர் கையைக் காட்டி, மீதியைக் காலியாக விடச் சொன்னார்.

உன் அப்பா எழுந்தார். மண்டபத்தில் அவர் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.

"காலியா விட்டா என்ன அர்த்தம்?"

"எழுத முடியாததுன்னு அர்த்தம், பிங்ஹே."

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. ஆகாத மாதிரி எழுதினா, என் தம்பி கட்டின கதைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அறுநூறு வருஷ வார்த்தை இது என்று பெரியவர் மெதுவாகத்தான் சொன்னார், கோபமாக இல்லை. உன் அப்பா இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பையன் கல்லறையில வச்சு ஒண்ணு கேட்டான். நம்ம மூத்தவரும் ஜாங்தானே, லியாவ் பொண்ணைக் கட்ட வந்தவர்தானேன்னு. எனக்குப் பதில் வரல. ரெண்டு மாசமாத் தேடறேன். உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க, நான் உக்காந்துடறேன்."

பெரியவர் பதினொரு தலைமுறையையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "பதில் இல்ல. விதிதான் இருக்கு. அவங்க ரெண்டு பேரும் இந்த மண்டபத்துக்குள்ள வரக்கூடாது."

"மண்டபத்துக்கு வர வேணாம். என் வீட்டுக்கு வருவாங்க."

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததை எல்லாரும் பார்த்தார்கள். உன் அப்பா நடந்து போய் ஆசிரியர் கையிலிருந்து தூரிகையை வாங்கினார். அப்போது கூரை பிளந்து நம் மூத்தவர் மேகத்தின் மேல் மனைவியோடு வந்து நின்று கை தட்டினார். மூன்று பன்றிகளும் எழுந்து வணங்கின. மலை ஓரடி நகர்ந்து இடம் விட்டது.

வான்லிங், நீ என்னை நம்பவேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் நானே கத்தியை எடுத்து வெட்டித் தருகிறேன். ஊதுவத்தி ஒன்றுதான், விரல் நீளம். பன்றி ஒன்று, எழுந்திருக்கவில்லை. நூற்றிருபது பேர் இல்லை, நாற்பது இருக்கும். மூத்தவர் வரவில்லை. என் முடியை உன் சித்தி வெட்டிவிட்டாள், கோணலாக. உன் அப்பா பேசியதைக்கூட நான் கொஞ்சம் அழகுபடுத்தியிருப்பேன், கை அப்படியே பழகிவிட்டது.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் வெட்டாதே. உன் பெயருக்குப் பக்கத்தில் 'கணவன் ஜாங் கெவெய், ஷாவெய்' என்று இருக்கிறது. கோடுகள் தடித்து, ஓர் இடத்தில் மை ஊறிப் பரவி, பார்க்க நன்றாக இல்லை. அது ஆசிரியர் கையெழுத்து இல்லை, என் கையெழுத்தும் இல்லை. உன் அப்பா எழுதினார். அது நடந்தது.

சித்தப்பா,
பிங்குன்